ஒரு குரல், ஒரு கிதார், எந்த சாஃப்ட்வேர்?

ரொம்ப நாளா அடக்கி வச்சிருந்த எரிச்சல் இது. இன்னிக்குக் கொட்டிடறேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இங்க கனடாவுல, மிசிசாகாவுல காலேஜ் படிக்கிறா. பிரமாதமா பாடுவா. கிதாரும் சுத்தமா வாசிப்பா. ஒரு வளைகாப்பு வீட்டுல அவ பாட ஆரம்பிச்சதும் கிச்சன்ல இருந்தவங்கல்லாம் கையில கரண்டியோட ஹாலுக்கு வந்து நின்னுட்டாங்க. சொந்தமா எழுதி மெட்டுப் போட்ட பாட்டும் வச்சிருக்கா.

அதுல ஒண்ணு கூட இன்னும் ரெக்கார்ட் ஆகல.

"எந்த சாஃப்ட்வேர் வாங்குறதுன்னு இன்னும் முடிவு பண்ணல அங்கிள்." எப்பக் கேட்டாலும் இதான் பதில்.

அவளைச் சொல்லி என்ன பண்ண? யூடியூபைத் தொறந்தா "டாப் 10", "டாப் 15"னு வரிசையா வீடியோ. ஒருத்தர் இதை வாங்குங்கறார். இன்னொருத்தர் அது சின்னப் பசங்களுக்கு, புரொபஷனல்னா இதுதான்ங்கறார். மூணாவது ஆளு வந்து, இந்த சாஃப்ட்வேர்ல சவுண்டே தனி கதகதப்புங்கறார். மாசம் இவ்வளவு, வருஷம் இவ்வளவு, முதல் மாசம் ஃப்ரீ, கிரெடிட் கார்டு நம்பரைக் குடு.

அந்த வீடியோக்கள்ல முக்கால்வாசி பீட் போடறவங்களுக்கானது. கீபோர்டு, டிரம் மெஷின், லூப்புன்னு அறுபது எழுபது டிராக் அடுக்கறவங்க உலகம் அது. அவங்களுக்கு அந்தக் கேள்வியெல்லாம் நியாயம்தான். நம்ம கிட்ட இருக்கறது ஒரு குரல், ஒரு கிதார். நம்ம கேள்வியே வேற.

முதல்ல ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குன்னு தனியா சவுண்ட் கிடையாது. மைக்ல போற சத்தத்தை எண்ணா மாத்தறது ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாங்க, மைக் ஒயரைச் சொருகற அந்த சின்னப் பொட்டி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுன்னு வச்சா ஒரு செகண்டுக்கு 48,000 எண். சாஃப்ட்வேர் அதை அப்படியே வாங்கி வச்சுக்குது, அவ்வளவுதான். குழம்பை எந்த டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போனாலும் அதே குழம்புதான். அம்பதாயிரம் டாலர் ஸ்டுடியோ வச்சிருக்கறவரும் அதே எண்ணைத்தான் சேமிக்கிறார்.

அப்ப சாஃப்ட்வேர்ல வித்தியாசமே இல்லையான்னா, இருக்கு. ஆனா வேற இடத்துல. பாட்டு மனசுல வந்த நிமிஷத்துல இருந்து சிவப்பு பட்டனை அழுத்தற வரைக்கும் எத்தனை கிளிக்? உங்க குரல் உங்க காதுக்கு எவ்வளவு லேட்டா வருது? ஒரு வரி பிசகினா அந்த வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டறது எவ்வளவு சுலபம்? பத்து வருஷம் கழிச்சு அந்த ஃபைல் தொறக்குமா? இந்த நாலையும்தான் நான் பாப்பேன்.

(அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் கதையை இங்க சொல்லியே ஆகணும். 1982 ஜனவரி. நியூ ஜெர்சியில கோல்ட்ஸ் நெக்ங்கற ஊர்ல ஒரு வாடகை வீடு. பெட்ரூம்ல நாலே டிராக் பதியற கேசட் மெஷின் ஒண்ணு, டாஸ்கம் போர்ட்டாஸ்டுடியோ 144. ஷூர் எஸ்.எம்.57 மைக் ரெண்டு. கிதாரோட உக்காந்து பாடித் தள்ளிட்டார். பேண்டுக்குச் சொல்லிக்குடுக்க ஒரு மாதிரி, அவ்வளவுதான் அவர் நெனச்சது. அப்புறம் பெரிய ஸ்டுடியோவுல முழு பேண்டோட வாசிச்சுப் பாத்தாங்க. அந்த உயிர் வரல. கடைசியில கேசட்டையே ஆல்பமா போட்டாங்க. அதான் 'நெப்ராஸ்கா'. அந்த எஸ்.எம்.57 இன்னிக்கும் கடையில கிடைக்குது.)

"ஆனா அங்கிள், ரகுமான் சார் லாஜிக்தானே யூஸ் பண்றார்?"

ஆமாம்மா. அவர் 1989லயே கோடம்பாக்கத்துல வீட்டுப் பின்பக்கம் பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டிட்டார், 'ரோஜா' வர மூணு வருஷம் முன்னாடியே. லாஜிக் அருமையான சாஃப்ட்வேர். அமெரிக்க விலை 199.99 டாலர், ஒரே தடவை கட்டினா போதும். ஆனா விண்டோஸ்ல ஓடாது, உன் கிட்ட இருக்கறது விண்டோஸ் லேப்டாப். அவர் ஒரு பாட்டுக்கு அடுக்கற டிராக்கை எண்ணவே ஒரு நாள் ஆகும். உனக்கு வேண்டியது ரெண்டு, மிஞ்சிப் போனா நாலு. இங்க டொரொண்டோ பக்கத்துப் பசங்க ஷான் வின்சென்ட் டி பால், யான்சன் ரெண்டு பேரும் ஒரு மிருதங்கத்தையும் ஒரு குரலையும் மட்டும் வச்சுக்கிட்டுப் பண்ண ராப்பை உலகமே கேட்டுச்சு. கொஞ்சமா இருந்தாலே போதுங்கறதுக்கு இதைவிட சாட்சி என்ன வேணும்?

சரி, ஒவ்வொண்ணா வரேன். எல்லாம் நானே போட்டுப் பாத்ததுதான்.

ஆடாசிட்டி. எல்லாரும் முதல்ல இறக்கறது இதைத்தான். 1999ல கார்னகி மெலன் யுனிவர்சிட்டியில பொறந்தது, அன்னிலேர்ந்து இலவசம். வெட்ட, ஒட்ட, இரைச்சல் எடுக்க, அம்மாவோட பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாத்த இதை அடிச்சுக்க ஆளே இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச சாஃப்ட்வேர். ஆனா பாடறதுக்கு இதைச் சொல்ல மாட்டேன். குரல் ஒரு மைக்ல, கிதார் ஒரு மைக்ல வச்சா, ரெண்டையும் ஒரே ஸ்டீரியோ டிராக்ல இடது வலதா போட்டுடும். நாமதான் பிரிக்கணும். எஃபெக்ட்டைப் போட்டுக் கேட்டு, பிடிக்கலைன்னா கழட்டற வசதியே 2022ல 3.2 வெர்ஷன்லதான் வந்துச்சு. அதுவரைக்கும் எக்கோ போட்டா அலைவரியிலேயே பதிஞ்சு போயிடும்.

கராஜ்பேண்ட். ஐஃபோனோ மேக்கோ வச்சிருக்கீங்களா? தேடறதை நிறுத்துங்க. 2004ல ஆப்பிள் கொண்டு வந்தது, இன்னிக்கு இலவசம். நாளைக்குப் பெருசா பண்ணணும்னு தோணினா அதே ஃபைலை லாஜிக்ல தொறக்கலாம். மேக்ல தொறந்து, ஆடியோ டிராக் ஒண்ணு போட்டு, சிவப்பு பட்டனை அழுத்தி, பாடிடலாம்.

ஐஃபோன்ல மட்டும் ஒரு விஷயம், நல்லா கவனிங்க. புதுப் பாட்டு தொறந்தா அது எட்டு பார் நீளத்துக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்கும். நீங்க பல்லவி பாடி முடிக்கறதுக்குள்ள எட்டு பார் தீந்துடும். மேல வலது பக்கம் இருக்கற கூட்டல் குறியைத் தட்டி, செக்‌ஷன் நீளத்தை "ஆட்டோமேட்டிக்"குன்னு மாத்துங்க. அவ்வளவுதான், எவ்வளவு நேரம் வேணா பாடலாம். இது தெரியாம "இந்த ஆப் சரியில்ல"ன்னு தூக்கிப் போட்டவங்களை எனக்குத் தெரியும்.

ரீப்பர். விண்டோஸ்காரங்களுக்கு என் முடிவு இதுதான். (மேக், லினக்ஸ்லயும் ஓடும்.) வின்ஆம்ப் ஞாபகம் இருக்கா? ப்ரவுசிங் சென்டர்ல உக்காந்து எம்.பி.3 கேட்ட தலைமுறைக்கு மறக்காது. அதை எழுதின ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதையும் ஆரம்பிச்சவர். கம்பெனி பேரு காக்கோஸ். இறக்கறதுக்கு ரொம்பச் சின்ன ஃபைல், பழைய லேப்டாப்லயும் பறக்கும்.

60 நாள் இலவசமா பாக்கலாம், எந்த வசதியையும் பூட்டி வைக்கல. பிடிச்சா 60 அமெரிக்க டாலர். கனடா காசுக்கு 80 சொச்சம். சொந்த உபயோகத்துக்கும், இசையில வருஷத்துக்கு 20,000 அமெரிக்க டாலருக்குக் கீழ சம்பாதிக்கறவங்களுக்கும் அந்த விலை. அதுக்கு மேல சம்பாதிச்சா 225. (அவ்வளவு சம்பாதிச்சா சந்தோஷமா கட்டுங்க!) மாச வாடகை கிடையாது. இப்ப 7வது வெர்ஷன் வாங்கினா 8வது முடியற வரைக்கும் அதே லைசென்ஸ். 60 நாள் தாண்டியும் பூட்டு விழாது, ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கும். அதுக்காக காசு குடுக்காம விட்றாதீங்க. இவ்வளவு நேர்மையா விக்கறவங்களுக்கு நம்ம காசு போய்ச் சேரணும்.

தொறந்ததும் திரை காலியா, கறுப்பா, ஒரு பட்டன் கூடப் புரியாம இருக்கும். பயப்படாதீங்க. கன்ட்ரோல்-டி (T) அடிங்க, டிராக் ஒண்ணு வரும். இன்னொரு தடவை அடிங்க. ஒண்ணுக்கு "குரல்", இன்னொண்ணுக்கு "கிதார்"னு பேரு வைங்க. ரெண்டுலயும் இருக்கற சிவப்பு வட்டத்தை அழுத்தி, முதல் டிராக்குக்கு இன்புட் 1, ரெண்டாவதுக்கு இன்புட் 2ன்னு குடுங்க. கன்ட்ரோல்-ஆர். பாடுங்க. பாடறதுக்கு முன்னாடியே இந்த காலி ப்ராஜெக்ட்டை டெம்ப்ளேட்டா சேமிச்சு வச்சுக்கிட்டா, அடுத்த தடவை தொறந்ததும் பாட வேண்டியதுதான் பாக்கி.

நான் ரீப்பர்லயே நிக்கறதுக்குப் பெரிய காரணம் டேக் ஒட்டற வசதி. அனுபல்லவி ரெண்டாவது தடவை பாடினது நல்லா வந்துச்சு, சரணம் நாலாவது தடவைன்னு வைங்க. 2023ல வந்த 7வது வெர்ஷன்ல எல்லா டேக்கும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கும். எது நல்லா இருக்கோ அது மேல மவுஸை இழுத்தா அந்தத் துண்டு மட்டும் மேல ஏறிடும். மூச்சு எடுக்கற இடத்துல ஒட்டினீங்கன்னா பெத்த தாய்க்குக் கூடத் தெரியாது.

ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோன்னு ஒண்ணு இலவசமா இருக்கு, எட்டு ஆடியோ டிராக் வரைக்கும். ஸ்டுடியோவுல வேலைக்குப் போகப் போறவங்க அதுல பழகலாம். மத்தவங்களுக்கு அவசியமில்ல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். வாசிச்சுக்கிட்டே பாடுவீங்களா? இல்ல முதல்ல வாசிச்சு, அப்புறம் பாடுவீங்களா?

தனித்தனியா பண்ணா எல்லாமே சுலபம். ஒரே மைக் போதும். ஆனா பாதிப் பேருக்குத் தனியா வாசிச்சா கிதார் சவம் மாதிரி ஆயிடும். குரல் இழுக்கற இடத்துல கையும் இழுக்கணும், அதுதான் அழகு. அப்படிப்பட்டவங்க சேர்ந்தே பாடுங்க. ரெண்டு மைக் இன்புட் இருக்கற பொட்டியா வாங்குங்க. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட்ல சோலோன்னா ஒரே மைக், கூட பிக்கப் வச்ச கிதாரைச் சொருகலாம். 2ஐ2ன்னா ரெண்டு மைக்.

ரெண்டு மைக் வச்சா குரல் கிதார் மைக்லயும் விழும், கிதார் குரல் மைக்லயும் விழும். முழுசா தடுக்க முடியாது, குறைக்கலாம். எஸ்.எம்.57 மாதிரி மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அதனால குரல் மைக்கைக் கொஞ்சம் மேல பாத்து வாய்க்கு நேரா வைங்க, கிதார் மைக்கைக் கீழ பாத்து சாய்ச்சு வைங்க. குரல் மைக்கோட முதுகு கிதாரையும், கிதார் மைக்கோட முதுகு வாயையும் பாக்கணும். கிதார் மைக் ஓட்டைக்கு நேரா வேணாம், பானைக்குள்ள பேசற மாதிரி குமுறும். 12வது ஃப்ரெட் பக்கம், ஒரு சாண் தள்ளி வைங்க.

அடுத்தது லேட்டன்சி. ஹெட்ஃபோன்ல உங்க குரல் உங்களுக்கே லேட்டா கேக்குதுன்னா பாடவே முடியாது, நாக்கு பின்னிக்கும். 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர் (ஒரு தடவைக்குச் சேத்து அனுப்பற எண்கள்) 1024ன்னு இருந்தா ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட், போகவும் வரவும் 40க்கு மேல. 128ன்னு மாத்தினா ஒரு வழிக்கு 2.7தான். விண்டோஸ்ல பொட்டியோட வர ஏசியோ டிரைவரைப் போட்டு, சாஃப்ட்வேர்ல அதைத்தான் தேர்ந்தெடுக்கணும். இல்ல, பொட்டியிலேயே டைரக்ட் மானிட்டர்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்துங்க. குரல் கம்ப்யூட்டருக்கே போகாம நேரா காதுக்கு வந்துடும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் கூடவே கூடாது. அதோட தாமதத்தை எந்த செட்டிங்கும் சரி பண்ணாது.

நம்ம பாட்டுக்குன்னு சில விஷயம் இருக்கு, அந்த வீடியோக்காரங்க யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. முதல்ல ஒரு தனி டிராக்ல தம்புரா போடுங்க. அந்தப் பொண்ணுக்கு அஞ்சரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். கேப்போவை முதல் ஃப்ரெட்ல போட்டு ஜி மாதிரி வாசிப்பா. தம்புரா ஆப்புல அதே சுருதியை வச்சு, கிதாரை ட்யூனர்லயும் தம்புராவோடயும் ஒத்துப் பாத்துட்டு, அப்புறம் பதிவு. கடைசியில தம்புரா டிராக்கை அமுக்கிட்டாலும் சுருதி நிக்கும்.

விருத்தம் மாதிரி தாளமில்லாம வர பகுதிக்கு கிளிக்கை அணைச்சிடுங்க. மிஸ்ர சாபுல மெட்டுப் போட்டிருந்தா ரீப்பர்ல 7/8ன்னு வைக்கலாம், கண்ட சாபுக்கு 5/8, பாட்டு நடுவுல மாத்தவும் செய்யலாம். எல்லாத்தையும் நாலுல அடைக்கணும்னு அவசியமே இல்ல.

இனி நம்ம ஊர் சங்கதி. பியர்சன் ஏர்போர்ட் இருக்கறதே மிசிசாகாவுலதான். சரணத்தோட உச்சத்துல தலைக்கு மேல ஒரு விமானம் இறங்கும். ராத்திரி 12.30ல இருந்து காலை 6.30 வரைக்கும் அங்க விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதனால சத்தம் நல்லாவே குறையும். ராத்திரியில பாடறவங்களுக்கு நல்ல காலம். (பக்கத்து வீட்டுக்காரங்களை மனசுல வச்சுக்கிட்டு.) குளிர்காலத்துல ஃபர்னஸ் ஓட ஆரம்பிச்சா காத்து உறுமற சத்தம் ரெக்கார்டிங் முழுக்க இருக்கும். பதியற நேரத்துக்கு மட்டும் தெர்மோஸ்டாட்டை இறக்கி வைங்க. அப்புறம் ஏத்த மறக்காதீங்க, வீட்டுல திட்டு விழும். பேஸ்மென்ட்ல இருக்கறவங்க மாடியில நடமாட்டம் அடங்கின பிறகு பதியுங்க. துணி மாட்டற பெரிய க்ளோசெட் இருக்கா? குளிர் கோட்டு வரிசைக்கு நடுவுல நின்னு பாடிப் பாருங்க. எதிரொலி இருந்த இடம் தெரியாது.

கிதாருக்கும் குளிர்காலம் ஆகாது. ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காத்து காஞ்சு போயிடும். கிதாருக்கு 45ல இருந்து 55 சதவீதம் வரைக்கும் ஈரப்பதம் வேணும். பெட்டிக்குள்ள ஒரு ஹியூமிடிஃபையர் வைங்க, பலகை வெடிச்சா பதிவெல்லாம் அப்புறம்தான்.

மைக்கை உடனே வாங்காதீங்க. லாங் அண்ட் மெக்வேட்ல, 1956ல டொரொண்டோவுல ஆரம்பிச்ச கடை, மிசிசாகாவுலயும் இருக்கு, வாடகைக்கே தராங்க. ஒரு வாரக்கடைசிக்கு எடுத்து, உங்க குரலுக்கு எது ஒத்துப் போகுதுன்னு பாத்துட்டு வாங்குங்க. டொரொண்டோவுக்குள்ள இருக்கறவங்களுக்கு இன்னொரு நல்ல சேதி: பார்க்டேல் நூலகக் கிளையில லைப்ரரி கார்டைக் காட்டினா கிதாரே இரவல் கிடைக்கும். 2016ல இருந்து குடுக்கறாங்க. இந்த ஊரை நான் இதுக்காகவே நேசிக்கிறேன்.

கடைசியா ஒண்ணு, இதைத் தட்டிக் கழிக்காதீங்க. கேக்வாக் சோனார்னு ஒரு சாஃப்ட்வேர், வருஷக்கணக்கா ஜனங்க காசு குடுத்து வாங்கினது. கிப்சன் கிதார் கம்பெனி 2013ல அதை வாங்கிச்சு, 2017 நவம்பர்ல வேலையை நிறுத்தறோம்னு அறிவிச்சிடுச்சு. அதுல பாட்டு வச்சிருந்தவங்க பதறிப் போனாங்க. நல்லவேளை, 2018 பிப்ரவரியில சிங்கப்பூர் பேண்ட்லேப் கம்பெனி எடுத்து இலவசமாவே குடுத்துச்சு. எப்பவும் அப்படி ஒரு கை நீளும்னு சொல்ல முடியாது. வாடகை சாஃப்ட்வேர் ஒண்ணுல (பேரு வேணாம்) ஒரு மாசம் காசு கட்டாம விட்டதும் பழைய பாட்டைத் தொறக்க முடியாம ஒரு நண்பர் தவிச்சதை நான் நேர்ல பாத்திருக்கேன். அவர் பாட்டு, அவர் குரல், பூட்டு மட்டும் அடுத்தவன் கையில.

அதனால பாட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு டிராக்கையும் முதல் நொடியில இருந்து கடைசி வரைக்கும் தனித்தனி வேவ் ஃபைலா வெளிய எடுத்து வைங்க. ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு 8.6 எம்.பி.தான், அஞ்சு நிமிஷப் பாட்டு ரெண்டு டிராக்குன்னா 86 எம்.பி. பென் டிரைவ்ல ஒண்ணு, வேற இடத்துல ஒண்ணு. வேவ் ஃபைலை எந்த சாஃப்ட்வேரும் தொறக்கும்.

அந்தப் பொண்ணு லேப்டாப்ல ரீப்பரைப் போட்டுக் குடுத்துட்டேன், டெம்ப்ளேட்டோட. உங்களுக்கும் உதவி வேணும்னா கேளுங்க. "எது பெஸ்ட்"னு மட்டும் கேக்காதீங்க. என்ன கம்ப்யூட்டர், எத்தனைக் கட்டை, வாசிச்சுக்கிட்டே பாடுவீங்களா இல்லையா, இந்த மூணையும் எழுதுங்க. பதில் கண்டிப்பா போடறேன்.